லேப்ல அளக்க முடியாத கெமிக்கலுக்கு லாக் பி கணிக்கிறது எப்படி

ஒரு கெமிக்கலோட ஸ்ட்ரக்சர் மட்டும்தான் கையில இருக்கு, சாம்பிள் கிடையாது. இல்ல சாம்பிள் இருக்கு, ஆனா தண்ணியில போட்டா கொஞ்ச நேரத்துல உடைஞ்சு வேற ஒண்ணா மாறிடுது. ஆனா ஃபார்ம்ல பங்கீட்டுக் குணகம்னு ஒரு கட்டம் காலியா நின்னு முறைக்குது. இந்த நிலைமையில நிறைய பேர் பண்றது, ஒரு சாஃப்ட்வேர்ல ஸ்ட்ரக்சரை போட்டு வர்ற நம்பரை அப்படியே எழுதிட்டு போயிடறது. அதுல பாதி நேரம் தப்பு இல்ல, மீதி பாதி நேரம் பெரிய தப்பு, எது எந்தப் பாதின்னு கண்டுபிடிக்கத்தான் இந்த பதிவு.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். ஆக்டனால்ங்கற எண்ணெய் மாதிரி ஆல்கஹாலும் தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம ரெண்டு அடுக்கா நிக்கும், அதுல ஒரு பொருளைப் போட்டு நல்லா கலக்கி சமநிலைக்கு விட்டா கொஞ்சம் மேல போகும் கொஞ்சம் கீழ போகும், ஆக்டனால்ல இருக்கற செறிவை தண்ணியில இருக்கற செறிவால வகுத்தா வர்றதுதான் இந்த குணகம். ரேஞ்ச் ரொம்ப பெருசுங்கறதால லாக் எடுத்து சொல்வாங்க, இங்க "லாக் பி"ன்னே சொல்றேன். எத்தனாலுக்கு மைனஸ் 0.31, பென்சீனுக்கு 2.13, டிடிடிக்கு 7-ஐ ஒட்டி வரும். அந்தக் காலத்துல ஆலிவ் ஆயிலைத்தான் வச்சு பாத்தாங்க, 1960-கள்ல ஹான்ஷும் ஃபுஜிதாவும் ஆக்டனாலைப் பிடிச்சதுக்கு அப்புறம் அதுவே நிலைச்சிடுச்சு. மீன் உடம்புல சேருமா, மண்ணுல ஒட்டுமா, மருந்து செல் சவ்வைத் தாண்டுமா, எல்லாத்துக்கும் முதல்ல கேக்கறது இந்த ஒரு நம்பரைத்தான்.

முதல் கேள்வி சாஃப்ட்வேர் எதுங்கறது இல்லைங்க. ஏன் அளக்க முடியலங்கறதுதான். சாம்பிள் இல்ல, பணம் இல்ல, நேரம் இல்லன்னா பிரச்சனையே இல்ல, கணக்கு போட்டு போயிடலாம். ஆனா பொருளோட குணத்தாலயே அளக்க முடியலன்னா கணக்கும் அதே இடத்துலதான் தடுக்கும். ஓஇசிடிங்கற சர்வதேச அமைப்போட சோதனைக் கைடுலைன்படி குடுவையில குலுக்கி அளக்கற முறை மைனஸ் 2-லேர்ந்து 4 வரைக்கும், ஹெச்பிஎல்சி முறை (ஒரு குழாய் வழியா ஓட்டி எவ்ளோ நேரத்துல வெளிய வருதுன்னு பாக்கறது) 0-லேர்ந்து 6 வரைக்கும், மெதுவா கலக்கற முறை 8.2 வரைக்கும் போகும். உங்க பொருள் 7-ல இருந்து குலுக்கற முறை மட்டும்தான் வசதின்னா அது ஒரு மாதிரி பிரச்சனை, சோப்பு மாதிரி நுரைக்கற சர்ஃபேக்டன்ட்னா அது வேற மாதிரி பிரச்சனை. சர்ஃபேக்டன்ட் ஆக்டனால்லயும் தங்காது தண்ணியிலயும் தங்காது, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற எல்லையில போய் உக்காந்துக்கும், குலுக்கினா எமல்ஷன் ஆயிடும். அதுக்கு சாஃப்ட்வேர் ஒரு நம்பர் தரத்தான் செய்யும், அந்த நம்பருக்கு அர்த்தம் இருக்கான்னு அது சொல்லாது.

சரி, கணக்குக்குப் போறதுக்கு முன்னாடி தேடுங்க. ஏற்கனவே யாராவது அளந்திருக்காங்களான்னு. இதை எல்லாரும் சொல்வாங்க, ஆனா எப்படி ஏமாறுவோம்ங்கறதை சொல்லமாட்டாங்க. பப்கெம்ல ஒரு பொருளைத் தொறந்தா மேலயே ஒரு லாக் பி இருக்கும், அது எக்ஸ்லாக்பி3-ன்னு ஒரு ப்ரோக்ராம் கணிச்சது, அளந்தது இல்ல. அளந்தது இருந்தா கீழ தனியா, சோதனைப் பண்புகள் இருக்கற இடத்துல இருக்கும். நான் ஆரம்பத்துல பண்ண கூத்தைக் கேளுங்க. ஒரு டேட்டாபேஸ்லேர்ந்து எடுத்த நம்பரை அளந்ததுன்னு நினைச்சுக்கிட்டு அதை வச்சு ஒரு சாஃப்ட்வேரை சரி பாத்தேன், ரெண்டும் கடைசி தசமம் வரைக்கும் பொருந்துச்சு, எவ்ளோ அருமையான சாஃப்ட்வேர்னு ரிப்போர்ட்ல வேற எழுதிட்டேன். அந்த டேட்டாபேஸ் நம்பரே அதே சாஃப்ட்வேர் போட்டதுதான். இப்ப ரெண்டு நம்பர் அச்சு அசலா பொருந்தினா சந்தோஷம் வர்றதில்ல, சந்தேகம்தான் வருது.

அளந்த நம்பர்னு போட்டிருந்தாலும் மூலக் கட்டுரை வரைக்கும் போய்ப் பாருங்க. டிடிடிக்கு வெளியான மதிப்புகளை அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனம் 2001-ல அலசினப்போ, ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் மூலத்தைப் பாக்காமலே எடுத்து எழுதறதும் அதுல தப்பு ஏறறதும் எவ்ளோ சகஜம்னு வெளியில வந்துச்சு. அவ்ளோ பிரபலமான பொருளுக்கே அந்த கதின்னா நம்ம பொருளுக்கு கேக்கவே வேணாம்.

உங்க பொருளுக்கு எதுவும் கிடைக்கலன்னா அதோட விட்டுடாதீங்க, அதோட சொந்தக்காரங்களைத் தேடுங்க. ஒரே எலும்புக்கூடு, ஒரு குரூப் மட்டும் மாறியிருக்கும், அந்த மாதிரி அளந்த பொருள் ஏதாவது இருக்கான்னு. நான் இதைத்தான் எல்லாத்தையும் விட பெருசா நம்பறேன், காரணம் கீழ வர்ற கணக்கைப் பாத்தா புரியும்.

குரூப்களைக் கூட்டற முறையை ஒரு தடவையாவது கையால பண்ணிப் பாருங்க, பண்ணலன்னா சாஃப்ட்வேர் என்ன செய்யுதுன்னே தெரியாது. அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சியோட எபி சூட் இலவசமா கிடைக்குது, அதுக்குள்ள கோவ்வின்னு ஒரு ப்ரோக்ராம், மெய்லானும் ஹோவர்டும் 1995-ல வெளியிட்ட முறை. மூலக்கூறை துண்டு துண்டா பிரிக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் இருக்கு, எல்லாத்தையும் கூட்டி கடைசியில 0.229-னு ஒரு மாறிலியை சேக்கும், அவ்ளோதான். டொலுயீனை எடுத்துக்கோங்க. வளையத்துல ஆறு அரோமேட்டிக் கார்பன், ஒண்ணுக்கு 0.294, ஆக மொத்தம் 1.764. ஒரு மெத்தில் 0.5473. மாறிலி 0.229. கூட்டினா 2.54. அளந்தது 2.73. பரவால்ல, 0.2 கம்மி.

இப்ப பாரா குளோரோடொலுயீனை நம்மளால அளக்க முடியலன்னு வச்சுக்குவோம். அரோமேட்டிக் குளோரினுக்கு 0.6445. மேல வந்த 2.54-ஓட கூட்டினா 3.18. இது சாஃப்ட்வேர் தர்ற பதில். இப்ப சொந்தக்காரங்க வழியில வாங்க. டொலுயீனுக்கு அளந்த மதிப்பு 2.73 நமக்குத் தெரியும், அதுலேர்ந்து ஆரம்பிச்சு குளோரினை மட்டும் சேர்த்தா 3.37. இல்ல குளோரோபென்சீன்லேர்ந்து ஆரம்பிங்க, அளந்தது 2.84, மெத்திலை மட்டும் சேர்த்தா 3.39. ரெண்டு வெவ்வேறு பக்கத்துலேர்ந்து வந்தும் ஒரே இடத்துல நிக்குது பாருங்க. பழைய ஹான்ஷ் பை மதிப்புகள்ல (ஒரு குரூப்பை சேத்தா லாக் பி எவ்ளோ மாறும்ங்கற நம்பர்) போனாலும் பென்சீன் 2.13, குளோரின் 0.71, மெத்தில் 0.56, மொத்தம் 3.40. உண்மையில அளந்த மதிப்பு 3.33. அதாவது முழு மூலக்கூறையும் பூஜ்ஜியத்துலேர்ந்து கட்டினா 0.15 தப்பு, அளந்த ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சு வித்தியாசத்தை மட்டும் கணக்கு போட்டா 0.05 சுத்தி. காரணம் சிம்பிள், வளையத்துக்கு அந்த முறையில இருக்கற பிழை அளந்த மதிப்பை எடுத்த உடனே அடிபட்டுப் போயிடுது, நீங்க சேக்கற சின்ன துண்டோட பிழை மட்டும்தான் மிச்சம். கோவ்வின்லயே இதுக்கு ஒரு வசதி இருக்கு, அளந்த சொந்தக்காரப் பொருளையும் அதோட மதிப்பையும் குடுத்தா அதுவே வித்தியாசத்தைக் கூட்டிக் கழிச்சுத் தரும், ஆனா அதை யாரும் தொடுறதே இல்ல, ஏன்னே தெரியல.

துண்டு துண்டா கூட்டறது எங்க உடையும்னா, துண்டுகள் ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிக்கற இடத்துல. சாலிசிலிக் ஆசிட் இதுக்கு நல்ல உதாரணம். பென்சாயிக் ஆசிட் 1.87, அதுல ஒரு ஹைட்ராக்சில் சேத்தா பை மதிப்பு மைனஸ் 0.67, ஆக 1.20 வரணும். ஹைட்ராக்சில் எதிர்ப்பக்கம் பாரா இடத்துல இருந்தா அளந்தது 1.58, ஏதோ பரவால்ல. பக்கத்துலயே ஆர்த்தோ இடத்துல இருந்தா, அதான் சாலிசிலிக் ஆசிட், அளந்தது 2.26. தண்ணியை ரொம்ப பிடிக்கற ஒரு குரூப்பை சேத்ததுக்கு அப்புறம் ஏறியிருக்கு! ஹைட்ராக்சிலும் ஆசிட் குரூப்பும் தங்களுக்குள்ளயே ஹைட்ரஜன் பாண்டு போட்டுக்கிட்டு தண்ணியைக் கண்டுக்காம விட்டுடுது, அதனாலதான். நல்ல ப்ரோக்ராம்கள்ல இந்த மாதிரி தெரிஞ்ச ஜோடிகளுக்கு திருத்தக் காரணிகள் வச்சிருக்காங்க, ஆனா உங்க மூலக்கூறுல இருக்கற ஜோடி அந்த லிஸ்ட்ல இல்லன்னா அது சத்தமே இல்லாம விட்டுட்டுப் போயிடும். அதனால விடையை மட்டும் பாக்காதீங்க, எந்தெந்த துண்டு எத்தனை தடவை எடுத்துச்சு, என்ன திருத்தம் போட்டுச்சுன்னு வர்ற முழு பட்டியலையும் பாருங்க.

உள்ள குடுக்கற ஸ்ட்ரக்சர்லயும் கவனம் வேணும். ஸ்மைல்ஸ் (ஸ்ட்ரக்சரை ஒரே வரி எழுத்தா எழுதற முறை) எழுதறப்போ சோடியம், குளோரைடு மாதிரி உப்புப் பகுதியை எடுத்துட்டு மின்னூட்டம் இல்லாத வடிவத்தைக் குடுங்க. டாட்டமர், அதாவது ஹைட்ரஜன் இடம் மாறி ஒண்ணுலேர்ந்து ஒண்ணா மாறிக்கற வடிவங்கள், ரெண்டு மூணு இருந்தா எல்லாத்தையும் போட்டுப் பாருங்க, சில சமயம் ஒரே பொருளுக்கு வடிவத்தைப் பொறுத்து ஒரு யூனிட் மாறும், அதை மறைக்காம எழுதிடணும்.

எவ்ளோ நம்பலாம்னு கேட்டா, கோவ்வினை உருவாக்கப் பயன்படுத்தின 2,447 பொருள்களுக்கு நியம விலக்கம் 0.22 சுத்தி, அது பாக்காத 10,946 பொருள்களுக்கு 0.48 சுத்தி. ரெண்டாவது நம்பரைத்தான் மனசுல வைக்கணும், நம்ம பொருள் அது பாக்காத பொருள்தானே. லாக்ல 0.48-னா நிஜத்துல மூணு மடங்கு. அதுவும் சராசரிப் பொருளுக்கு. ட்ரெயினிங்ல இருந்த பொருள்களோட சராசரி மூலக்கூறு எடை சுமார் 200, அதிகபட்சம் சுமார் 720, உங்களுது 900-னா நீங்க மேப்புக்கு வெளிய நிக்கறீங்க. மேல போகப் போக கூட்டல் முறை கட்டுக்கடங்காம ஏறிக்கிட்டே போகும். டெக்காபுரோமோடைஃபினைல் ஈதருக்கு கோவ்வின் 12-க்கு மேல சொல்லும், ஐரோப்பிய யூனியன் ரிஸ்க் மதிப்பீட்டுல எடுத்துக்கிட்ட அளந்த மதிப்பு 6.27. என் வழக்கம், 8-க்கு மேல எது வந்தாலும் "8-க்கு மேல"ன்னு மட்டும் எழுதறது, தசமம் எல்லாம் போடறதில்ல.

இன்னொரு வழி தண்ணியில கரையும் அளவு. லாக் பி தெரியாம கரைதிறன் மட்டும் தெரிஞ்ச பொருள்கள் நிறைய உண்டு. யால்கோவ்ஸ்கியோட பொதுச் சமன்பாட்டைத் திருப்பிப் போட்டா இப்படி வரும்: 0.5-லேர்ந்து லாக் கரைதிறனைக் கழிக்கணும், கரைதிறன் லிட்டருக்கு மோல்ல இருக்கணும், அப்புறம் உருகுநிலையில 25-ஐக் கழிச்சு 0.01-ஆல பெருக்கி அதையும் கழிக்கணும். நாஃப்தலீன் லிட்டருக்கு 31 மில்லிகிராம் கரையும், மோலா மாத்தி லாக் எடுத்தா மைனஸ் 3.62, உருகுநிலை 80. ஆக 0.5 கூட்டல் 3.62 கழித்தல் 0.55, விடை 3.57. அளந்தது 3.30. ஓகே.

அந்த உருகுநிலைத் திருத்தத்தை விட்டுடறவங்க ரொம்ப பேரு, விட்டா என்ன ஆகும்னு ஆந்த்ரசீனும் ஃபினாந்த்ரீனும் காட்டிக் குடுக்கும். ரெண்டும் ஐசோமர், லாக் பி கிட்டத்தட்ட ஒண்ணே, 4.45-ம் 4.46-ம். ஆனா ஃபினாந்த்ரீன் தண்ணியில சுமார் 25 மடங்கு அதிகமா கரையும். காரணம் தண்ணியே இல்ல, படிகம். ஆந்த்ரசீன் படிகம் அவ்ளோ இறுக்கம், உருகவே 216 டிகிரி வேணும், ஃபினாந்த்ரீனுக்கு 100 போதும். படிகத்தைப் பிரிக்கறதுக்கு ஆகற செலவு ஆக்டனால்ல கரையறப்பவும் ஆகும், தண்ணியில கரையறப்பவும் ஆகும், அதனால விகிதத்துல அது அடிபட்டுடும், கரைதிறன்ல மட்டும் தெரியும். திருத்தம் போடாம ஆந்த்ரசீனுக்கு கணக்கு பண்ணா 7.1 வரும், போட்டா 5.2. அளந்தது 4.45-ன்னு பாத்தா திருத்தம் போட்டும் முக்கால் யூனிட் தள்ளித்தான் நிக்குது, அதனால இந்த வழியை தனியா நம்பாதீங்க, மத்ததை சரி பாக்க மட்டும் வச்சுக்கோங்க. ஆக்டனால் கரைதிறனையும் தண்ணிக் கரைதிறனையும் நேரா வகுக்கறவங்களும் இருக்காங்க, செய்யலாம், ஆனா நிஜ சோதனையில ஆக்டனால் அடுக்கு சுத்தமான ஆக்டனால் இல்ல, அதுல லிட்டருக்கு ரெண்டு மோலுக்கு மேல தண்ணி ஊறியிருக்கும், அதனால கொஞ்சம் விலகும்.

கொஞ்சம் ஆழமா போக விரும்பறவங்களுக்கு ஆபிரகாம் சமன்பாடு இருக்கு, எனக்குப் பிடிச்சது, ஏன்னா அது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுது. மூலக்கூறோட பருமனுக்கு கூட்டல் 3.81, ஹைட்ரஜன் பாண்டை வாங்கற குணத்துக்கு கழித்தல் 3.46, துருவத்தன்மைக்கு கழித்தல் 1.05, ஹைட்ரஜன் பாண்டைக் குடுக்கற குணத்துக்கு வெறும் 0.03. அதாவது பெரிய மூலக்கூறு ஆக்டனாலுக்கு ஓடும், பாண்டை வாங்கற ஆக்சிஜனும் நைட்ரஜனும் தண்ணிக்கு இழுக்கும், பாண்டைக் குடுக்கற குணம் கண்டுக்கவே வேணாம், ஏன்னா அதை வாங்கிக்க ஆக்டனாலும் தண்ணி அளவுக்கே தயாரா இருக்கு. சாஃப்ட்வேர் விடை சந்தேகமா இருந்தா இந்த நாலு நம்பரை மனசுல ஓட்டிப் பாத்தாலே திசை சரியான்னு தெரிஞ்சிடும். காஸ்மோ-ஆர்எஸ்னு குவாண்டம் கணக்குலேர்ந்து வர்ற வழியும் இருக்கு, துண்டுப் பட்டியல்ல இல்லாத வினோத மூலக்கூறுக்கு அது கைகொடுக்கும், ஆனா லைசென்ஸும் நேரமும் வேணும்.

அயனியாகற பொருள்னா லாக் பிக்கும் லாக் டிக்கும் வித்தியாசம் தெரியாம குழப்பிடாதீங்க. லாக் பி மின்னூட்டம் இல்லாத வடிவத்துக்கு மட்டும், லாக் டி அந்த பிஹெச்ல இருக்கற மொத்தத்துக்கும். ஐபுப்ரோஃபென் லாக் பி 3.97, பிகேஏ, அதாவது பாதி அயனியாகற பிஹெச், 4.9 சுத்தி. பிஹெச் 7.4-லேர்ந்து பிகேஏவைக் கழிச்சா 2.5, பத்தின் அடுக்கு 2.5-னா சுமார் 316, ஒண்ணைக் கூட்டி லாக் எடுத்தா 2.5, அதை 3.97-லேர்ந்து கழிச்சா லாக் டி 1.47. இது ஆசிடுக்கு, பேஸுக்கு திருப்பி, பிகேஏலேர்ந்து பிஹெச்சைக் கழிக்கணும். பிஹெச் இன்னும் ஏத்திக்கிட்டே போனா கணக்குப்படி லாக் டி பாதாளத்துக்குப் போகும், நிஜத்துல போகாது, அயனியும் தனக்கு ஜோடியைக் கூட்டிக்கிட்டு கொஞ்சம் ஆக்டனாலுக்குள்ள போகும், அதனால ஒரு இடத்துல தரை தட்டி நின்னுடும். அமினோ ஆசிட் மாதிரி ரெண்டு மின்னூட்டமும் சேர்ந்தே இருக்கற பொருள்களுக்கு இந்த சின்ன ஃபார்முலாவைத் தொடவே தொடாதீங்க.

எங்க நிறுத்திக்கணும்னும் சொல்லிடறேன். உலோக உப்பு, ஆர்கனோமெட்டாலிக், சர்ஃபேக்டன்ட், நீளமான பெர்ஃப்ளூரோ ஆசிடுகள், இதுக்கெல்லாம் ஆக்டனால்ங்கற கண்ணாடியே சரியா காட்டாது. பிஎஃப்ஓஏ மாதிரி பெர்ஃப்ளூரோ ஆசிட் உடம்புல கொழுப்புல போய் உக்காராது, புரதத்துலதான் ஒட்டிக்கும், லாக் பியை வச்சு மீனுக்குள்ள எவ்ளோ சேரும்னு கணிச்சா தப்பான கேள்விக்கு பதில் சொன்ன மாதிரி ஆயிடும். தண்ணியில உடையற பொருளுக்கு உடைஞ்சு வர்ற பொருள்களோட லாக் பிதான் உபயோகம். பெட்ரோலிய கட் (கச்சா எண்ணெயை வடிச்சு எடுக்கற ஒரு பகுதி) மாதிரி கலவைன்னா ஒத்தை நம்பர் போடாம, உள்ள இருக்கற மிகக் கம்மியான லாக் பி உள்ள பொருள்லேர்ந்து மிக அதிகம் உள்ளது வரைக்கும் ரேஞ்சா குடுங்க.

கடைசியா எல்லாத்தையும் சேக்கறது. மூணு சாஃப்ட்வேர் ஓட்டி சராசரி எடுத்தேன்னு சொல்றவங்களைப் பாத்தா கேக்கத் தோணும், அந்த மூணும் ஒரே டேட்டாவுல படிச்சதா இல்லையான்னு. ஒரே புத்தகத்தைப் படிச்ச மூணு பேர் ஒரே பதிலைச் சொன்னா அது மூணு சாட்சி ஆகாது. அதுக்குப் பதிலா வேற வேற வகையில மூணு எடுங்க: அளந்த சொந்தக்காரப் பொருள் வழி ஒண்ணு, துண்டு கூட்டல் ஒண்ணு, கரைதிறனோ ஆபிரகாமோ ஒண்ணு. மூணும் அரை யூனிட்டுக்குள்ள இருந்தா சொந்தக்கார வழி நம்பரை எடுத்துக்கோங்க. ஒரு யூனிட்டுக்கு மேல விலகினா சராசரி போடாதீங்க, ஏன் விலகுதுன்னு தேடுங்க, பெரும்பாலும் டாட்டமரோ உள் ஹைட்ரஜன் பாண்டோ உப்பை எடுக்க மறந்ததோதான் காரணமா இருக்கும்.

எவ்ளோ துல்லியம் வேணும்ங்கறது நீங்க எந்த கோட்டுக்குப் பக்கத்துல நிக்கறீங்கங்கறதைப் பொறுத்தது. மீன்ல சேர்ற அளவுக்கு 1979-லேர்ந்து புழங்கற ஒரு சமன்பாடு, லாக் பியை 0.85-ஆல பெருக்கி 0.70 கழிக்கறது, வர்றது செறிவுக் காரணியோட (மீன்ல இருக்கற செறிவை தண்ணியில இருக்கற செறிவால வகுத்தது) லாக். லாக் பி 4-னா செறிவுக் காரணி 500, 5-னா சுமார் 3,550. ஐரோப்பிய விதியில உயிரில் சேரும் பொருள்னு முத்திரை குத்தற கோடு 2,000, அதுக்கு முன்னாடி வடிகட்டற கோடு லாக் பி 4.5. உங்க கணிப்பு 2.1-னா அரை யூனிட் பிழைக்கு யாரும் கவலைப்பட வேணாம், அப்படியே விட்டுடலாம். 4.3-னு வந்தா அதே அரை யூனிட் தீர்ப்பையே மாத்திடும், அங்கதான் கூடுதலா இன்னொரு சொந்தக்காரப் பொருளைத் தேடறதுக்கு ஒரு நாள் செலவு பண்ணலாம்.

எழுதறப்போ நம்பரை மட்டும் எழுதாதீங்க. எந்த முறை, எந்த வெர்ஷன், உள்ள குடுத்த ஸ்ட்ரக்சர், எந்த அளந்த பொருள்லேர்ந்து ஆரம்பிச்சீங்க, அதோட மதிப்பு எங்கேர்ந்து வந்துச்சு, எந்த துண்டைச் சேத்தீங்க எதைக் கழிச்சீங்க, பொருள் அந்த முறையோட எல்லைக்குள்ள இருக்கா, ரேஞ்ச் என்ன. பாரா குளோரோடொலுயீனுக்கு நான் எழுதியிருந்தா இப்படி இருக்கும்: "லாக் பி 3.4, பிழை கூட்டல் கழித்தல் 0.3, டொலுயீன் மற்றும் குளோரோபென்சீன் அளந்த மதிப்புகளிலிருந்து துண்டு மாற்று முறையில் கணிக்கப்பட்டது, நேரடி துண்டு கூட்டலில் 3.2, சோதனை செய்யப்படவில்லை." அந்த கடைசி ரெண்டு வார்த்தையை விட்டுடாதீங்க, அதை விட்டுட்டா நாலு வருஷம் கழிச்சு யாரோ உங்க நம்பரை அளந்ததுன்னு நினைச்சு எடுத்து அவங்க சாஃப்ட்வேரை அதை வச்சு சரி பாப்பாங்க.